மிஸ்ர் கடைத்தெருவில் ஒரு நண்பர்

நல்ல நண்பர் எத்தகையவர் என்பதை எடுத்துரைக்க அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உவமை தேடியபோது அரசவையையோ போர்க்களத்தையோ சுட்டவில்லை, கடைத்தெருவையே சுட்டினார்கள். நல்ல நண்பர் கஸ்தூரி வைத்திருப்பவரைப் போன்றவராம். அவர் உமக்குச் சிறிது அன்பளிப்பாகத் தரக்கூடும். அல்லது நீர் அவரிடம் விலை கொடுத்து வாங்கக்கூடும். இரண்டும் இல்லையெனில் அருகில் இருந்தமைக்காக நறுமணமாவது உம்மை வந்தடையும். தீய நண்பரோ கொல்லனின் துருத்தியை ஊதுபவரைப் போன்றவர். அவரால் உமது ஆடை கருகும். இல்லையேல் புகை நாற்றமாவது மிஞ்சும். இக்கருத்தமைந்த நபிமொழியை அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெருந்தொகுப்புகளும் தாங்கியுள்ளன.

மதரஸாவில் ஆண்டுதோறும் இந்த நபிமொழியை மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருபவன் நான். கஸ்தூரிக்காரரிடம் கிட்டும் மூன்று நன்மைகளையும் விரல் மடக்கி எண்ணிக் காட்டுவதும் உண்டு. ஆயினும் வாசனைச் சரக்கு விற்கும் ஒருவரோடு உண்மையாகவே நட்புப் பூணும் வாய்ப்பு 2013ஆம் ஆண்டு வரை எனக்கு வாய்க்கவில்லை.

அவ்வாண்டு உம்ராவை நிறைவேற்றித் திரும்பும் வழியில் எங்கள் பயணக்குழு துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரில் மூன்று நாட்கள் தங்கியது. அந்நகரின் பழைய துறைக்கு எமினோனு என்று பெயர். கலாட்டா பாலத்தைக் கடந்து அங்கே இறங்கினால் எதிரே யெனி ஜாமி என்னும் பெரும் பள்ளிவாசல் தோன்றும். 'புதிய பள்ளிவாசல்' என்பது அதன் பொருள். பெயரைக் கேட்டு நேற்றுக் கட்டியது என்று எண்ணிவிட வேண்டாம். 1597இல் மூன்றாம் முஹம்மது சுல்தானின் அன்னையார் ஸஃபிய்யா சுல்தான் அதன் திருப்பணியைத் தொடங்கினார். 1603இல் மகன் மறைந்ததும் பணி நின்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அரைச் சுவர்களாகக் கிடந்த அக்கட்டடத்தை, 1660இல் நகரை அழித்த பெருந்தீக்குப் பின்னர், நான்காம் முஹம்மது சுல்தானின் அன்னையார் துர்ஹான் சுல்தான் கட்டி முடித்தார். ஒரு தாய் தொடங்கியதை வேறொரு தாய் நிறைவு செய்த பள்ளி அது.

பள்ளிவாசல் கட்டுவது கூட எளிது. அதன் விளக்குக்கு எண்ணெயும், பணியாளர்க்கு ஊதியமும், கூரைக்குப் பழுதுபார்ப்பும் தலைமுறை தலைமுறையாகக் கிடைக்க வழிசெய்வதே அரிது. நம் ஊர் முத்தவல்லிகளைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். துர்ஹான் சுல்தான் அதற்கும் வழி செய்தார். பள்ளிவாசலின் பக்கத்திலேயே ஒரு கடைத்தெருவைக் கட்டி, அதன் வாடகையைப் பள்ளிக்கும் அதனைச் சார்ந்த அறப்பணிகளுக்கும் வக்ஃபு ஆக்கினார். அதுவே மிஸ்ர் கடைத்தெரு. கூரை வேய்ந்த இரண்டு நீண்ட வீதிகள் கட்டைவிரலும் சுட்டுவிரலும் போல ஒன்றோடொன்று சேர்ந்து நிற்க, ஆறு வாயில்களும் எண்பதுக்கும் மேற்பட்ட கடைகளும் கொண்டது. மிஸ்ர் என்றால் எகிப்து என்பதை வாசகர்கள் அறிவார்கள். கீழை நாடுகளின் மிளகும் பட்டையும் கிராம்பும் செங்கடல் வழியே எகிப்தை அடைந்து, அங்கிருந்து கப்பலேறி இஸ்தான்புல் வந்த காலத்தின் நினைவு அந்தப் பெயர். இக்காலத் துருக்கியர் மக்காச்சோளத்தையும் 'மிஸ்ர்' என்றே அழைப்பதால், சோளம் விற்கும் சந்தையோ என்று மயங்குவோரும் உண்டு.

வீதிகள் இரண்டும் சந்திக்கும் இடத்துக்குத் துஆ மைதானம் என்று பெயர். முற்காலத்தில் காலைதோறும் வணிகர்கள் அங்கே கூடி, அன்றைய வாணிபம் நேர்மையாக நடந்திட இறைவனிடம் கையேந்திய பின்னரே கடைகளைத் திறப்பார்களாம். இன்று அவ்விடத்தில் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சந்தைக்குள் நான் நல்லெண்ணத்தோடு நுழைந்தேன் என்று சொன்னால் அது பொய்யாகும். சுற்றுலாப் பயணிகள் கூடும் கடைத்தெருவில் கையையும் பையையும் காத்துக்கொள்ள வேண்டும் என்று வழிகாட்டி எச்சரித்திருந்தார். நுழைந்த சிறிது நேரத்திலேயே ஒரு கடையில் குங்குமப்பூ மிக மலிவாகக் கிடைப்பதைக் கண்டேன். வீட்டார் வாங்கிவரச் சொன்ன பொருள் அது. பெருநாள் பிரியாணிக்கு ஆகும் என்று ஒரு பெரிய பொட்டலமே வாங்கிவிட்டேன். மேலும் சில கடைகள் கடந்ததும், கருஞ்சீரகம் குவித்து வைத்திருந்த ஒரு கடையின் முன் நின்றேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து ஸலாம் உரைத்தார். நான் பதில் உரைத்து முடிப்பதற்குள், துலிப் மலர் வடிவக் கண்ணாடிக் குவளையில் சிவந்த தேநீர் என் முன் வந்துவிட்டது.

எனக்கு உடனே ஐயம் பிறந்தது. தேநீரைப் பருகிவிட்டால் வாங்காமல் எழ நாணம் வரும். அந்த நாணத்தை விலையாக்குவதற்கே இந்த உபசாரம் என்று மனம் கணக்குப் போட்டது. நோன்பு என்று சொல்லித் தப்பவும் நா எழுந்தது. அல்லாஹ் காத்தான். "இப்போதுதான் பருகினேன்" என்று அரபியில் சொல்லி வைத்தேன். அதுவும் உண்மையன்று.

அரபி என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அவர் துருக்கியின் தென்கிழக்கில் உள்ள ஸீர்த் என்னும் ஊரைச் சேர்ந்தவர். அவ்வூரில் அரபியைத் தாய்மொழியாகக் கொண்ட மக்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்கிறார்கள். ஆனால் அவரது அரபி வீட்டு அரபி. எனது அரபியோ இலக்கண நூல்களின் அரபி. நான் ஒவ்வொரு சொல்லுக்கும் இறுதி உயிர்க்குறியைச் சேர்த்து உச்சரிப்பதைக் கேட்டு, ஜும்ஆ குத்பாவைக் கேட்பது போல இருக்கிறது என்று அவர் சிரித்தார். அன்றிலிருந்து என்னை அவர் அழைத்தது 'ஹோஜா' என்றே. மார்க்கம் போதிப்பவரைத் துருக்கியர் அவ்வாறு அழைப்பர். நான் அவரை ஹாஜியார் என்று அழைத்தேன்.

கருஞ்சீரகம் நிறுக்கும்போது என் கையிலிருந்த பொட்டலத்தை அவர் பார்த்துவிட்டார். முகம் மாறியது. சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "ஹோஜா, இதை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள். எனக்கு அது தெரிய வேண்டியதில்லை. ஆனால் இது குங்குமப்பூ அன்று" என்றார்.

குசும்பப் பூ அது. எண்ணெய் வித்துக்காகப் பயிரிடப்படும் முள்செடியின் இதழ். சோற்றுக்கு மஞ்சள் நிறம் தரும். தீங்கு ஒன்றும் செய்யாது. மணம் மட்டும் இராது. அவர் இரண்டு கிண்ணங்களில் நீர் வார்த்தார். ஒன்றில் என் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை இட்டார். மற்றொன்றில் தம் கடையின் சிறு டப்பாவிலிருந்து இரண்டே நூல் இட்டார். என் பூ உடனே நிறத்தைக் கக்கியது. அவரது நூல்களிலிருந்து பொன்னிறம் மெல்ல மெல்ல, புகை இறங்குவது போல நீரில் இறங்கியது. நூல்கள் சிவப்பாகவே கிடந்தன. உண்மையான குங்குமப்பூ நூலின் ஒரு முனை ஊதுகுழல் வாய் போல விரிந்திருக்கும் என்பதையும், முகர்ந்தால் இனிப்பது நாவில் கசக்கும் என்பதையும் காட்டித் தந்தார். ஒரு மலரில் மூன்று நூல்கள்தாம் உண்டு. ஒரு கிலோ சேர ஏறத்தாழ 1,50,000 மலர்கள் வேண்டும். அவ்வளவையும் கையால் கிள்ளியெடுக்கும் பொருள் மலிவாகக் கிடைக்குமா என்று நானே கேட்டிருக்க வேண்டும்.

வெட்கத்தோடு, அவரது டப்பாவிலிருந்து ஒரு கிராம் தருமாறு கேட்டேன். அவர் மறுத்துவிட்டார்.

"இன்று வேண்டாம். நான் உங்களிடம் ஒருவருடைய சரக்கைக் குறை சொன்னேன். இப்போதே என் சரக்கை விற்றால், அதற்காகத்தான் சொன்னேன் என்று ஆகிவிடும். உங்கள் மனத்தில் ஆகாவிட்டாலும் என் மனத்தில் ஆகும். மீண்டும் வந்தால் பார்க்கலாம்."

கருஞ்சீரகத்துக்கு மட்டும் காசு பெற்றுக்கொண்டார். விடைபெறும்போது என் கையைப் பற்றி, "ஹலால் செய்துகொள்ளுங்கள்" என்றார். எடையிலோ சொல்லிலோ குறை நேர்ந்திருந்தால் மறுமைக்கு வைக்காமல் இங்கேயே பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது கருத்து. நம்மிடையே ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் வீடு வீடாகச் சென்று கேட்பதை, அவர்கள் வாழ்க்கை நெடுகிலும், ஒரு கடை வியாபாரத்தின் முடிவிலும் கேட்கிறார்கள்.

அறைக்குத் திரும்பிய பின் உறக்கம் வரவில்லை. பிறர் குறையைப் பேசினால் புறம் ஆகிவிடும். பேசாவிட்டால் ஏமாந்தவனுக்கு நலம் நாடவில்லை என்றாகும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள மயிரிழை வழியைப் பற்றி நூல்களில் நீண்ட விவாதங்கள் உண்டு. அந்த மனிதர் கடையின் பெயரைக் கேளாமலேயே சரக்கின் குறையை மட்டும் சொல்லி, அந்த வழியிலே வெகு இயல்பாக நடந்து போய்விட்டார். மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் அண்ணலார் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரத்தைக் கண்டு, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவி, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்த வரலாற்றை எத்தனை முறை பயான் செய்திருப்பேன்! என் பொட்டலத்துக்குள் கைவிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கைவிட்டுப் பார்த்தவர் பருகத் தந்த தேநீரைத்தான் ஐயுற்றேன்.

மறுமுறை இஸ்தான்புல் செல்ல ஐந்தாண்டுகள் ஆயின. 2018இல் ஒரு காலைப் பொழுதில் அதே கடைக்குச் சென்றேன். ஹாஜியார் என்னை அடையாளம் கண்டுகொண்டார். இம்முறை தேநீர் வந்ததும் முதலில் பருகினேன். பிறகு அன்றைய என் ஐயத்தையும் பொய்யையும் சொல்லி, ஹலால் செய்யுமாறு கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் நாட்டிலேயே என்னைப் போன்ற இன்னொருவரும் தவறாக எண்ணியதுண்டு என்று சொல்லி, இப்னு பதூதா அவர்களின் பயணச் செய்தியை எடுத்துரைத்தேன். 1330களின் தொடக்கத்தில் அந்தப் பெரும் பயணி அனத்தோலியாவில் லாதிக் என்ற ஊருக்குள் நுழைந்தார். இன்று அதற்கு தெனிஸ்லி என்று பெயர். கடைத்தெருவைக் கடக்கும்போது சில மனிதர்கள் கடைகளிலிருந்து இறங்கி வந்து அவரது குதிரையின் கடிவாளத்தைப் பற்றிக்கொண்டார்கள். வேறு சிலர் வந்து தடுத்தார்கள். வாக்குவாதம் முற்றி, கத்தியை உருவும் அளவுக்குப் போயிற்று. மொழி அறியாத பயணி, கொள்ளையரிடம் சிக்கிவிட்டோம் என்று நடுங்கினார். அரபி அறிந்த ஒருவர் வந்த பிறகே விவரம் தெரிந்தது. அவர்கள் 'அகீ' என்னும் சகோதர அமைப்பைச் சேர்ந்த தொழிலாளரும் வணிகரும் ஆவர். பகலெல்லாம் உழைத்து ஈட்டியதை அஸருக்குப் பின் தலைவரிடம் சேர்த்து, அதைக் கொண்டு வழிப்போக்கருக்கு விருந்தளிப்பது அவர்கள் நெறி. விருந்தாளியை யார் முதலில் அழைத்துச் செல்வது என்பதே அங்கு எழுந்த சண்டை! இறுதியில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். பின்னாளில், 1340களில், அந்த இப்னு பதூதா நம் மதுரைக்கும் வந்து சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் உறவினராகத் தங்கியிருந்தார் என்று கூறியபோது, ஹாஜியார் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "அப்படியானால் அவர் மிளகு விளையும் பக்கத்தையும் பார்த்தார்; மிளகு வந்து சேரும் பக்கத்தையும் பார்த்தார்" என்றார்.

மிளகு என்றதும் எனக்குச் சிறிது செருக்கு வந்தது. அவர் கடையின் கருமிளகைக் கையில் அள்ளி, இது எங்கள் பக்கத்துச் சரக்கு என்று நினைக்கிறேன் என்றேன். ஹாஜியார் மூட்டையைத் திருப்பிக் காட்டினார். வியட்நாம் என்று எழுதியிருந்தது. "ஆம் என்று சொல்லி உங்களை மகிழ்வித்திருக்கலாம்" என்றார், கண்ணைச் சிமிட்டி.

ஆயினும் சொற்கள் நம்மைக் கைவிடவில்லை. துருக்கியர் இஞ்சியை 'ஸென்ஜெஃபில்' என்பர். திருமறையின் அத்தஹ்ர் அத்தியாயத்தில் சுவனத்துப் பானத்தோடு கலந்திருப்பதாகக் கூறப்படும் 'ஸன்ஜபீல்' அதுவே. அச்சொல்லின் மூலத்தைத் தேடிச் செல்லும் மொழியறிஞர்கள் நம் 'இஞ்சி வேர்' வரை வந்து சேர்கிறார்கள். புளியை அவர்கள் 'தெமிர்ஹிந்தி' என்கிறார்கள். இந்தியப் பேரீச்சை என்று பொருள்படும் அரபிச் சொல்லின் திரிபு. கருமிளகுக்கும் மிளகாய்க்கும் அவர்களிடம் ஒரே சொல், 'பிபெர்'. நாம் மிளகிலிருந்து மிளகாய்க்குப் பெயர் வைத்ததைச் சொன்னதும் அவருக்கு மகிழ்ச்சி தாளவில்லை. அவரது ஊரில் குழியடுப்பில் ஆட்டிறைச்சியைத் தொங்கவிட்டு வேகவைக்கும் உணவுக்குப் 'புர்யான்' என்று பெயராம். நம் பிரியாணியோடு ஒரே பாரசீக வேர். உண்டு பார்த்தால் உறவே தெரியாது!

அன்று நான் குங்குமப்பூ கேட்டேன். நிறுத்துத் தந்தார். பிறகு வறுத்த ஹேஸல் கொட்டை அரைக் கிலோ வேண்டும் என்றேன். அவரிடமும் அது கூடை நிறைய இருந்தது. ஆனால் அவர் வாயிற்பக்கம் கையைக் காட்டி, "எனக்கு ஸிஃப்தா ஆகிவிட்டது. அந்தக் கடையில் இன்னும் ஆகவில்லை. கொட்டையை அங்கே வாங்குங்கள்" என்றார்.

ஸிஃப்தா என்பது நாம் சொல்லும் போணி. தொடக்கம் என்னும் பொருளுடைய அரபிச் சொல்லிலிருந்து வந்தது. முதல் விற்பனையின் காசைத் தாடியில் தடவிக்கொள்ளும் பழக்கம் அவர்களிடமும் உண்டு. நம் கடைத்தெருக்களில் போணி நேரத்தில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனால் முகம் சுளிப்போரும், அன்றைய நாளே கெட்டது என்று புலம்புவோரும் இருக்கிறார்கள். சகுனம் பார்ப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்று எத்தனை சொன்னாலும் அது போவதில்லை. தமக்குப் போணி ஆனதும் அடுத்தவருக்கு ஆயிற்றா என்று எட்டிப் பார்க்கும் பழக்கத்தை நாம் ஏன் பிடித்துக்கொள்ளவில்லை என்று தெரியவில்லை.

அவர் காட்டிய கடைக்கு நடந்தேன். வாயிலை நெருங்கியதும் கால்கள் தயங்கின. ஐந்தாண்டுகளுக்கு முன் எனக்குக் குசும்பப் பூவைக் குங்குமப்பூ என்று விற்ற அதே கடை! திரும்பிப் பார்த்தேன். ஹாஜியார் அங்கிருந்து கையசைத்து, போங்கள் போங்கள் என்றார். அவருக்கு எப்படித் தெரியும்? பெயரைச் சொல்லாதீர்கள் என்று என் வாயை அடைத்தவர் அவர்தாமே. இப்போது சொன்னால் அவர் காத்த வழியை நான் கெடுத்தவனாவேன். உள்ளே சென்று கொட்டை வாங்கினேன். கடைக்காரர் 'பிஸ்மில்லாஹ்' என்று காசைப் பெற்றுத் தாடியில் தடவிக்கொண்டார். எடை சரியாக இருந்தது. மனம் சிறிது எரிந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

நண்பகலில் இருவரும் அருகிலுள்ள ருஸ்தம் பாஷா பள்ளிவாசலுக்கு லுஹர் தொழச் சென்றோம். 16ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் ஸினான் எழுப்பிய பள்ளி அது. கீழே வளைவுக் கடைகள். அவற்றின் கூரைமேல் பள்ளிவாசல். சந்தையின் இரைச்சலிலிருந்து குறுகிய படிகளில் ஏறினால், நீல மலர்கள் தீட்டிய இஸ்னிக் ஓடுகள் சுவரெங்கும் குளிர்ந்து நிற்கின்றன. தொழுகை முடிந்ததும் ஹாஜியார் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. வாடிக்கையாளர் காத்திருப்பார்கள் என்று படியிறங்கிவிட்டார்.

அதன்பின் தொற்றுநோய்க் காலம் வந்தது, பயணங்கள் நின்றன. 2023 பிப்ரவரி 6ஆம் நாள் அதிகாலையில் துருக்கியின் தெற்கே நிலம் பிளந்தது. 7.8 அளவில் ஒன்றும், சில மணி நேரத்தில் 7.5 அளவில் மற்றொன்றுமாக இரு பேரதிர்வுகள். துருக்கியில் மட்டும் 53,000 பேருக்கு மேல் மாண்டனர். அண்டை நாடான ஸிரியாவிலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அதிர்வுகளின் நடுவிடம் கஹ்ரமான்மராஷ் மாநிலம். வாசகர்களில் பலர் அந்நாட்களில் நம் பள்ளிவாசல்களில் நிதி திரட்டியதை நினைவில் வைத்திருப்பார்கள்.

அவ்வாண்டு ரமலானுக்குப் பின் உம்ராவிலிருந்து திரும்புகையில் மூன்றாம் முறையாக அக்கடையின் முன் நின்றேன். ஹாஜியார் தளர்ந்திருந்தார். கடையின் நடுவில் எப்போதும் செங்குன்றாய் நிற்கும் மராஷ் மிளகாய்ச் செதில் குவியல் சிறுத்துக் கிடந்தது. எண்ணெய்ப் பசையும் இளங்காரமும் கொண்ட அந்த மிளகாயைத் துருக்கியர் எல்லா உணவிலும் தூவுவர். அதை அவருக்குப் பல்லாண்டுகளாக அனுப்பி வந்தவர் மராஷ் ஊரார். பூகம்பத்தில் அவருடைய வீடும் பண்டகசாலையும் தரைமட்டமாயின. அண்ணன் குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. சந்தை வணிகர்கள் சேர்ந்து பணம் அனுப்பினார்கள். அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். 'என்னைவிட இல்லாதவர்கள் கூடாரத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுங்கள். நான் வியாபாரி' என்று சொல்லிவிட்டாராம்.

"மூன்று இரவுகள் யோசித்தேன், ஹோஜா. அவர் வியாபாரி என்றால் நானும் வியாபாரிதானே? ஸலம் எழுதிவிட்டேன்."

ஸலம் என்பது முன்பண விற்பனை. விலையை முழுவதுமாக இப்போதே கொடுத்து, சரக்கைக் குறித்த காலத்தில் பெற்றுக்கொள்வது. கையில் இல்லாததை விற்கலாகாது என்பது பொது விதி. ஆயினும் அண்ணலார் மதீனாவுக்கு வந்தபோது, அம்மக்கள் ஓராண்டு ஈராண்டு முன்னதாகவே கனிகளுக்குப் பணம் கொடுத்து வரக் கண்டு, அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்கட்டும் என்ற நிபந்தனையோடு அதை அனுமதித்தார்கள். அறிவிப்பவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். திருமறையின் மிக நீண்ட வசனமான பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தவணைக் கடனை எழுதிக்கொள்ளப் பணிக்கிறது அல்லவா? அது ஸலத்தையும் குறித்தே அருளப்பட்டது என்பதும் அவர்களது விளக்கம். விதை வாங்கவும் கூலி கொடுக்கவும் கையில் பொருளில்லாத உழவர், பிச்சை கேளாமலும் வட்டிக்குப் போகாமலும் நிமிர்ந்து நிற்க மார்க்கம் திறந்துவிட்ட வாசல் இது.

மதரஸாப் பழக்கம் போகுமா? "அவருடைய நிலத்து மிளகாய் என்று எழுதினீர்களா?" என்று வினவினேன். குறிப்பிட்ட ஒரு நிலத்தின் விளைச்சல் என்று கட்டினால் ஸலம் செல்லாது. அந்நிலம் பொய்த்துப்போகக் கூடும். ஹாஜியார் கணக்கேட்டைத் திருப்பிக் காட்டினார். மராஷ் மிளகாய், இன்ன தரம், இத்தனை கிலோ, அக்டோபர் இறுதிக்குள் என்று மட்டுமே எழுதியிருந்தது. எவருடைய நிலம் என்ற பேச்சே இல்லை. நான் பாடமாக ஓதிக்கொடுப்பதை அவர் தொழிலாக அறிந்திருந்தார்.

முன்பணம் என்பதால் விலையைக் குறைத்துக்கொள்ள இடமுண்டே என்றேன். "ஆகும். இந்த ஆண்டு வேண்டாம்" என்றார். சரக்கு வராவிட்டால்? "காத்திருப்பேன்." தமது சேமிப்பில் எவ்வளவை அதில் போட்டார் என்று நான் கேட்கவில்லை. கடையில் வேலை பார்த்த அவர் மகனின் முகத்தைப் பார்த்தால் சிறு தொகையன்று என்று தெரிந்தது. தந்தையும் மகனும் அதுபற்றி மனம் வேறுபட்டிருந்தார்கள் என்றே எண்ணுகிறேன். மகன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த காலம். கடை வாடகையும் சும்மா இருக்கவில்லை.

நானும் ஒரு கிலோவுக்கான பணத்தை எடுத்து வைத்தேன். ஹாஜியார் அதை அன்பளிப்பாகக் கருதவில்லை. பேனாவை எடுத்து, ஹோஜா, ஒரு கிலோ, தரம் இன்னது, தவணை இன்னது, அவ்வூரிலிருந்து வருபவர் கையில் ஒப்படைக்க வேண்டும் என்று ஏட்டில் எழுதினார். மகனைச் சாட்சிக் கையொப்பம் இடச் செய்தார். மகன் முதன்முறையாகச் சிரித்தான்.

2024இன் தொடக்கத்தில் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் உம்ராவிலிருந்து இஸ்தான்புல் வழியாகத் திரும்பினார். அக்கடைக்குச் சென்று என் ஸலாமைச் சொல்லுமாறு கேட்டிருந்தேன். அவர் ஒரு பொட்டலத்தை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே செந்நிற மிளகாய்ச் செதில். அதனுடன் தீப்பெட்டி அளவில் ஒரு சிறு டப்பா. அரபியில் ஒரு துண்டுத் தாள். மராஷ் சரக்கு வந்துசேர்ந்தது, தவணைக்குப் பன்னிரண்டு நாட்கள் பிந்தி. உங்கள் கணக்கு முடிந்தது. டப்பாவில் இருப்பது கணக்கில் சேராது. ஹலால் செய்துகொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது.

வீட்டார் மிளகாயைச் சமையலறைத் தராசில் வைத்தார்கள். ஒரு கிலோவுக்கு மேல் முள் சற்றே சாய்ந்தது. பின்னர் டப்பாவைத் திறந்து முகர்ந்து, "இதையும் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடட்டுமா?" என்று கேட்டார்கள். 2013இன் பொட்டலத்தை அவர்கள் மறக்கவில்லை. அதெல்லாம் தேவையில்லை என்றேன். ஆயினும் அவர்கள் ஒரு கிண்ணத்தில் நீர் எடுத்து, ஒரே ஒரு நூலை இட்டு ஜன்னலோரம் வைத்தார்கள். அஸருக்கு உளூச் செய்யப் போகும்போது நானும் குனிந்து பார்த்தேன். பொன்னிறம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நூல் சிவப்பாகவே கிடந்தது.